செம்புத்தலைக் கதையின் கடைசி ஏழு பக்கங்கள்

என் பாப்பா ஸ்டெல்லாவுக்கு,

இருபத்திரண்டு வயதுப் பெண்ணைப் பாப்பா என்று கூப்பிடாதே என்று சண்டைக்கு வருவாய். இது என் கடிதம், என் இஷ்டப்படிதான் கூப்பிடுவேன். ஒரே அறை உள்ள வீட்டில் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லாமல் கடிதம் எதற்கு என்றும் கேட்பாய். என்னைப் பற்றி உனக்குத் தெரியாததா? வாயைத் திறந்தால் எனக்கு அழுகைக்கு முன்னால் கோபம் வந்துவிடும். கோபம் வந்தால் பாதிப் பேச்சில் எழுந்து பாத்திரம் கழுவப் போய்விடுவேன். எழுத உட்கார்ந்தால் அப்படி ஓட முடியாது. நீ காலையிலேயே வேலைக்குக் கிளம்பிவிட்டாய். நம் கடையின் மத்தியான வறுவலுக்கு மீன் கழுவ இன்னும் இரண்டு மணி நேரம் இருக்கிறது. அதற்குள் முடித்துவிட வேண்டும் என்று ஆரம்பித்திருக்கிறேன்.

இந்தச் செவ்வாய்க்கிழமை உன் கல்யாணப் பத்திரிகையின் மாதிரித் தாளைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தாய். நீயே கம்ப்யூட்டரில் செய்தது. ஓரத்தில் அலை அலையாகக் கோடு போட்டிருந்தாய், அழகாக இருந்தது. "தப்பு இருந்தா பார்த்துச் சொல்லும்மா, திங்கக்கெயம அச்சுக்குப் போவுது" என்றாய். நான் ஒவ்வொரு எழுத்தாகப் படித்துக்கொண்டே வந்தேன். உன் நைனா பெயர் வரும் வரியில் நின்றுவிட்டேன். சவரிமுத்து என்ற பெயருக்கு முன்னால் ஒரு சொல் அளவுக்கு இடம் விட்டிருந்தாய். "இன்னாடி இது, காலியா கீது?" என்று கேட்டேன். நீ என் முகத்தைப் பார்க்காமல், "நீ எழுதும்மா. எழுதாம வுட்டாலும் சரி, சேத்து வெச்சு ஒட்டிடறேன். ஞாயித்துக்கெயம கோயில்ல கல்யாண ஓலை வாசிக்கறப்போவும் அப்படியே வாசிக்கச் சொல்லிடலாம்" என்று சொல்லிவிட்டுக் குளிக்கப் போனாய். காலஞ்சென்ற என்ற அந்த ஒரு சொல்லை இந்த வீட்டில் பத்து வருடமாக யாரும் சொன்னதில்லை. சொல்ல நான் விட்டதில்லை. இன்றைக்கு ஞாயிறு இல்லை, வெள்ளி. இன்னும் இரண்டு நாள் எனக்கு இருக்கிறது.

பழைய கதையிலிருந்து ஆரம்பிக்கிறேன், பொறுத்துக்கொள். உன் நைனா காசிமேட்டிலிருந்து ஃபைபர் படகில் போனபோது உனக்குப் பதினொரு வயது முடிந்து பன்னிரண்டு. மூன்று பேர் போனார்கள். காற்றில் படகு கவிழ்ந்து, இரண்டு பேரை எண்ணூர்ப் பக்கத்துப் படகுக்காரர்கள் தூக்கி வந்தார்கள். நைனாவை மட்டும் யாரும் பார்க்கவில்லை. ஒரு மாதம் தேடினார்கள். அதற்கப்புறம் சொந்தக்காரர்கள் வந்து, பூசை வைத்துவிடலாம், வெள்ளைப் புடவை கட்டிக்கொள் என்றார்கள். உடம்பு கிடைக்காமல் எதற்குப் பூசை என்று வாசலிலேயே நிற்க வைத்துக் கத்தினேன். அவர் நீச்சல் தெரிந்த மனுஷன், எங்காவது கரை ஏறியிருப்பார், ஏதாவது நாட்டுக் கப்பல் தூக்கிப் போட்டுக்கொண்டு போயிருக்கும் என்றேன். ஆணியில் தொங்கிய அவருடைய நீலச் சட்டையைச் சனிக்கிழமைதோறும் துவைத்துத் திரும்ப மாட்டினேன். டீவியில் கடலைக் காட்டினால் எனக்குத் தாங்கவில்லை என்று கேபிளையும் பிடுங்கச் சொன்னேன். உனக்கு அதுவும் போனது.

அந்த வருடம் கல்லறைத் திருநாளுக்கு ஊரே பூவும் மெழுகுவத்தியுமாகக் கல்லறைக்குப் போய்க்கொண்டிருந்தது. நான் பிடிவாதமாகக் கடையைத் திறந்து வைத்து நெத்திலி வறுத்துக்கொண்டிருந்தேன். நீ பக்கத்தில் வந்து நின்று, "ம்மா, நாம போவ வேணாமா?" என்று கேட்டாய். ஜல்லிக்கரண்டியை இடது கைக்கு மாற்றிக்கொண்டு உன்னை அறைந்தேன். அத்தனை வாடிக்கைக்காரர்கள் முன்னால். நீ அழவில்லை. கன்னத்தைத் தடவிக்கொண்டு பாஷா பாய் கடைக்குள் போய் உட்கார்ந்துவிட்டாய். அதற்கு நான் ஒருநாளும் மன்னிப்புக் கேட்டதில்லை. இப்போது கேட்கிறேன். பத்து வருடம் தாமதமாகக் கேட்டாலும் மன்னிப்பு மன்னிப்புதானே?

பாஷா பாயின் பழைய பேப்பர் கடை நம் மீன் கடையை ஒட்டி இருந்தது நம் அதிர்ஷ்டம். மீன் மடிக்கத் தாள் அவரிடம்தான் வாங்குவேன். பேப்பர் கட்டுகளுக்கு நடுவே அவர் ஒரு சின்ன டீவி வைத்திருந்தார். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் நீ அந்தக் கட்டின் மேல் ஏறி உட்கார்ந்துவிடுவாய். ஐந்தரைக்கு உன் கார்ட்டூன். படம் ஜப்பான்காரன் வரைந்தது, பேச்சு இந்தி, பார்ப்பவள் கல்மண்டபத்துத் தமிழச்சி. நடுவில் பாய் தனக்குத் தெரிந்த உருதுவை வைத்துக்கொண்டு உனக்குக் கதை சொல்லுவார். தலைப்பு இருவருக்கும் வாயில் நுழையவில்லை. அந்தப் பெண் தலையில் பெரிய செம்புக் கவசம் மாட்டியிருந்ததால் பாய் அவளுக்குச் செம்புத்தலை என்று பெயர் வைத்தார். அது தெரு முழுக்கப் பரவிவிட்டது.

எனக்கும் அந்தக் கதை மனப்பாடம். எண்ணெய்ச் சத்தத்துக்கு நடுவே ஒரு காதை உள்ளேதான் வைத்திருப்பேன். ஒரு சின்னத் துறைமுக ஊர். அங்கே கடலடியில் இறங்கி வேலை செய்யும் ஒருவன். ஒருநாள் அவன் இடுப்பில் கட்டிய கயிறு மட்டும் மேலே வருகிறது, ஆள் வரவில்லை. அவனுடைய மகள் அப்பாவின் இன்னொரு கவசத்தை மாட்டிக்கொண்டு, வாரம் ஓர் இடமாகக் கடலுக்குள் தேடுகிறாள். அவள் அம்மா மேலே படகில் நின்று கயிற்றைப் பிடித்துக்கொண்டிருப்பாள். பாய் மொழிபெயர்த்த லட்சணம் உனக்கு நினைவிருக்கிறதா? வில்லன் ஐந்து நிமிடம் வசனம் பேசுவான். "பேஜாரு பண்றான், அவ்ளோதான்" என்று பாய் முடித்துவிடுவார். அந்த அம்மா ஒரே ஒரு வார்த்தை சொல்லுவாள். பாய் தெருவுக்கே கேட்கிற மாதிரி, "நான் இந்தக் கயித்த வுடமாட்டேன், நீ தைரியமா எறங்கு கண்ணு, பசிச்சா மேல வந்துடு, சூடா சோறு கீதுன்னு சொல்றா" என்பார். அவ்வளவையும் அவள் சொல்லியிருக்கவே மாட்டாள் என்று இப்போது தோன்றுகிறது. எனக்குக் கேட்கட்டும் என்றுதான் சொல்லியிருக்கிறார், நல்ல மனுஷன். அவர் ஆம்பூரில் மகனோடு இருக்கிறார். முதல் பத்திரிகையை அவருக்கு அனுப்பு.

அந்தத் தொடர் முடிந்த நாளை மறக்க முடியுமா? சங்கரா மீனைக் கல்லில் போட்டிருந்தேன். நீ செருப்புகூடப் போடாமல் ஓடிவந்து என் இடுப்பைக் கட்டிக்கொண்டாய். "ம்மா! அவ நைனா வந்துட்டாரும்மா! ஏதோ ஒரு தீவுல இருந்தாராம்! தாடியெல்லாம் வெச்சிக்கினு கீறாரு!" கடையில் நின்ற ஏழெட்டுப் பேரும் தின்பதை நிறுத்திவிட்டார்கள். எல்லோருக்கும் நம் வீட்டுக் கதை தெரியும். "வந்துட்டாரு இல்ல, சந்தோசம், போய் வெங்காயம் நறுக்கு" என்று உன்னை விரட்டினேன். சங்கரா கருகிப்போனது. மறுநாள் காலை, சனிக்கிழமைகூட இல்லை, நைனாவின் சட்டையை எடுத்து மறுபடியும் துவைத்துப் போட்டேன். ஒரு கார்ட்டூனை நம்பினேன் என்று சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் நம்பினேன்.

ஒரு மாதம் கழித்து ஒரு மத்தியானம் பாய் என்னைக் கூப்பிட்டார். துறைமுகத்தில் ஏதோ கப்பலைச் சுத்தம் செய்தபோது வந்த பழைய தாள் கட்டு அவர் கடைக்கு வந்திருந்தது. அதற்குள் செங்கல் தடிமனில் ஒரு ஜப்பான் படக்கதைப் புத்தகம். அட்டையில் நம் செம்புத்தலை! "இந்தா, ஒன் பொண்ணுக்குத்தான் எடுத்து வெச்சேன்" என்றார். நான் ஆசையாக முதல் அட்டையைத் திறந்தேன். பாய் சிரித்தார். "தப்பு, தப்பு. எங்க உருது மாரி இத்த வலது பக்கத்துலேந்து தொறக்கணும். படத்த பாரு, கட்டம்கூட அப்படித்தான் போவுது. நீ தொறந்தது கடசிப் பக்கம்." அப்படியானால் முடிவைப் பார்த்துவிடலாம், அந்தத் தாடிக்காரர் எப்படி வருகிறார் பார்க்கலாம் என்று நானும் கடைசியிலிருந்து சில தாள் தள்ளி, பாய் சொன்ன மாதிரி வலமிருந்து பார்த்தேன்.

வரவில்லை, பாப்பா. அந்தப் புத்தகத்தில் அவர் வரவில்லை. அம்மாக்காரி கயிற்றை முழுக்க மேலே இழுத்துச் சுருட்டி வைக்கிறாள். அடுத்த பக்கத்தில் கரையில் ஒரு கல். கல்லின் மேல் அவருடைய செம்புக் கவசம். பக்கத்தில் பூ. எழுத்தே இல்லை, படம் மட்டும். எழுத்து இருந்திருந்தால் புரியவில்லை என்று சொல்லித் தப்பித்திருப்பேன். "இன்னா பாய் இது? டீவில வந்துட்டாரே!" என்று அவர்மேல் பாய்ந்தேன். பாய் தாடியைத் தடவினார். "மொதல்ல பொஸ்தகம்தான் போட்டிருப்பாங்க. அதுலேந்துதான் டீவிக்கு எடுக்கறது. கொயந்தைங்க அயுவும்னு டீவிக்காரன் முடிவ மாத்திக்கினான் போல கீது" என்றார். நான் மேற்கொண்டு பார்க்கவில்லை. கயிறு சுருட்டும் பக்கத்திலிருந்து அட்டை வரைக்கும் ஒரே பிடியாகப் பிடித்துக் கிழித்தேன். பாய் முகத்தைத் தெருப்பக்கம் திருப்பிக்கொண்டார்.

இப்போது தெரிகிறதா உன் அம்மா எவ்வளவு பெரிய பொய்க்காரி என்று? நீ பள்ளியிலிருந்து வந்து, அந்தப் புத்தகத்தைப் பார்த்துத் துள்ளிக் குதித்து, அப்புறம் ஒரு பக்கம் மொட்டையாக இருப்பதைப் பார்த்து, "ம்மா, இங்க இருந்ததெல்லாம் எங்க?" என்றாய். "அதுவா? மொதப் பக்கந்தானே, சும்மா பேரு ஊரு போட்டிருப்பான்னு மீனு மடிச்சிட்டேன்" என்றேன். வலது பக்கத்திலிருந்துதான் திறக்க வேண்டும், போனது முடிவுதான் என்று பாய் உனக்குச் சொன்னதும் நீ தலையில் அடித்துக்கொண்டு சிரித்தாய். அதிலிருந்து அது நம் வீட்டு வேடிக்கை ஆகிவிட்டது. பெண் பார்க்க வந்த அன்றுகூட மாப்பிள்ளை வீட்டாரிடம், "எங்கம்மா கதைய முடிவுலேந்து மீனு மடிச்சவங்க" என்று சொல்லி எல்லோரையும் சிரிக்க வைத்தாய். நானும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன். மீன் மடிக்கவில்லை, பாப்பா. கல்லறை போட்ட தாளில் மீன் மடிக்க மனசு வரவில்லை. எரிக்கவும் பயம். மாதா படத்தின் சட்டத்தைக் கழற்றி, படத்துக்கும் பின் அட்டைக்கும் நடுவில் செருகி, திரும்ப ஆணி அடித்துவிட்டேன். டீவிக்காரன் யாரோ பெற்ற பிள்ளைகளுக்காகச் செய்ததை நான் என் பிள்ளைக்காகச் செய்தேன், அதில் என்ன தப்பு என்று என்னை நானே சமாதானம் செய்துகொண்டேன். உன் ஆசையைக் காப்பாற்றுவதாகத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

உனக்குக் கல்யாணம் ஆகிறது. இனி இதை வைத்துக்கொண்டு என்ன செய்வது, உன்னிடம் கொடுத்து உண்மையைச் சொல்லிவிடலாம் என்று நேற்றுத்தான் முடிவு செய்தேன். சுண்ணாம்பு அடிக்க வேண்டும் என்று மாதா படத்தையும் இறக்கியாகிவிட்டது. நேற்றே, நீ வேலைக்குப் போனதும் ஆணியைப் பிடுங்கினேன். ஏழு பக்கம் வைத்திருந்தேன். எட்டுத் தாள் இருந்தது.

எட்டாவது, கோடு போட்ட நோட்டுத் தாள். கட்டம் கட்டமாகப் பென்சிலில் வரைந்திருந்தது. வழக்கமாகப் பார்ப்பது போல் இடப்பக்கத்திலிருந்து பார்த்தேன், ஒன்றும் விளங்கவில்லை. அப்புறம் பாய் ஞாபகம் வந்து வலப்பக்கத்திலிருந்து பார்த்தேன். முதல் கட்டத்தில் காசிமேட்டுப் பாறை. அடுத்ததில் பெரிய இருப்புச்சட்டிக்கு முன்னால் ஒரு குண்டு அம்மா. என்னை இவ்வளவு குண்டாகவா வரைவாய்? கையில் ஜல்லிக்கரண்டி, முகத்தில் கோபம், மூக்கிலிருந்து புகை. மூன்றாவதில் ஆணியில் ஒரு சட்டை. கடைசிக் கட்டத்தில் பாறை மேல் ஒரு மெழுகுவத்தி, பக்கத்தில் சடை போட்ட ஒரு பெண். அவள் வாயிலிருந்து பலூன் போல வட்டம் போட்டு எழுதியிருந்தாய்: "நைனா வரமாட்டாருன்னு எனக்குத் தெரியும்மா. நீ எப்போ சொல்றியோ அப்போ நானும் சொல்றேன்." பரீட்சைத் தாள் மாதிரி கீழே பெயரும், ஏழாம் வகுப்பு ஆ பிரிவு என்றும் போட்டிருந்தாய்.

அதை மடியில் வைத்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். பத்து வருடத்தையும் திரும்ப நினைத்துப் பார்த்தேன். ஒவ்வொரு கல்லறைத் திருநாளுக்கும் வீட்டில் ஒரு மெழுகுவத்தி குறையும். கேட்டால், "கரண்டு போச்சும்மா, கொளுத்துனேன்" என்பாய். நானும் மின்சாரக்காரனைத் திட்டிவிட்டு விட்டுவிடுவேன். சனிக்கிழமை நைனாவின் சட்டையை நான் பிழிந்து கொடுத்தால் நீ உதறி மாட்டுவாய். பித்தான் அறுந்தபோது தைத்துக்கூடக் கொடுத்தாய். மீன் மடித்த வேடிக்கையை ஊர் முழுக்கச் சொன்னாயே, ஒவ்வொரு முறையும் சொல்லிவிட்டு என் முகத்தைத்தான் பார்ப்பாய். நான் சிரிக்கிறேனா என்று பார்க்கிறாய் என்றே நினைத்திருந்தேன். என் பொய் எனக்கு உறுத்தாமல் இருக்க வேண்டும் என்று, அதற்குத் துணையாக நீயும் ஒரு பொய்யைத் தூக்கிக்கொண்டு திரிந்திருக்கிறாய். ஏழாம் வகுப்புப் பிள்ளை! அந்த வயதில் எனக்குத் தலை வாரவே தெரியாது. உன்னை வளர்த்தேன் என்று எல்லோரிடமும் பீற்றிக்கொள்வேன். நீ என்னை வளர்த்ததை யாரிடம் சொல்வேன்? உனக்கு நன்றி சொல்ல எனக்குத் தெரியவில்லை. ஆனாலும் சொல்கிறேன், நன்றி, என் தங்கமே.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அன்றைக்குக் கல்லறையைப் பார்த்ததும் கிழித்தேன் அல்லவா, மிச்சத்தை நேற்றுத்தான் முதல் தடவையாகப் பார்த்தேன். கல்லுக்கு அப்புறமும் பக்கங்கள் இருக்கின்றன. அந்த அம்மாவும் பெண்ணும் வீட்டுக்கு நடந்து வருகிறார்கள். அந்தப் பெண் கவசம் இல்லாமல் கடலில் குளிக்கிறாள். ஏழாவது பக்கத்தில் இரண்டு பேரும் எதிரெதிரே உட்கார்ந்து சோறு தின்கிறார்கள். அம்மாக்காரி எதையோ சொல்ல, பெண் வாயில் சோற்றோடு சிரிக்கிறாள். இதைத்தானே நாம் பத்து வருடமாகச் செய்துவந்தோம்? நீ அந்தப் பக்கத்தைப் பார்த்துவிட்டாய். நான்தான் பார்க்காமலே அதை வாழ்ந்திருக்கிறேன். இன்றைக்கு நீ வெளிநாட்டுக் கார்ட்டூனுக்கு வண்ணம் அடிக்கும் கம்பெனியில் உட்கார்ந்திருக்கிறாய். யாராவது பெரியவன் வந்து, கதையில் சாவு வேண்டாம், மாற்று என்று சொன்னால் மாற்றிக் கொடு, அது உன் சோறு. ஆனால் அந்தச் சாப்பாட்டுப் பக்கத்தை மட்டும் எடுத்துவிட வேண்டாம் என்று என் சார்பில் சொல்.

அம்மா எழுதினால் புத்திமதி இல்லாமலா? கேட்டுக்கொள். மாப்பிள்ளை நல்ல பையன், சாது. அதற்காக அவர் மனசு நோகும் என்று எதையும் மூடி வைக்காதே. நோகட்டும், சேர்ந்து அழுதுகொள்ளுங்கள், அழுது முடித்ததும் சூடாகச் சாப்பிடுங்கள். கோபம் வந்தால் கையில் இருக்கும் கரண்டியைக் கீழே வைத்துவிட்டுப் பேசு. உனக்குப் பெண் பிறந்து, அவளிடம் எதையாவது ஒளிக்க வேண்டி வந்தால், மாதா படத்துக்குப் பின்னால் மட்டும் வைக்காதே, இந்த வீட்டுப் பெண்கள் முதலில் அங்கேதான் தேடுவார்கள் போலிருக்கிறது. மாப்பிள்ளை வீடு இருக்கும் திருவொற்றியூர் என்ன தூரமா, ஒரே பஸ். வழியனுப்பும்போது அழுது முகத்தைக் கெடுத்துக்கொள்ளாதே. நான் அழுவேன், அது வேறு விஷயம்.

எட்டுத் தாளையும் இந்தக் கடிதத்தோடு வைத்திருக்கிறேன். ஏழு உன்னுடைய புத்தகத்துக்கு. எட்டாவதைத் திருப்பிக் கொடுத்துவிடு, அது எனக்கு வேண்டும். நீலச் சட்டையை மடித்து உன் பெட்டியில் புடவைகளுக்கு அடியில் வைத்துவிட்டேன். இனி அதைத் துவைக்க வேண்டாம். சாயங்காலம் கடை கிடையாது. அறிவிப்பு எழுதி ஒட்டிவிட்டேன், ஊர் வியக்கட்டும். நீ வேலை விட்டு வந்ததும் நாம் இரண்டு பேரும் காசிமேட்டுக்குப் போகிறோம். மெழுகுவத்தி நான் வாங்கி வைத்திருக்கிறேன். எந்தப் பாறை என்று நீதான் காட்ட வேண்டும்.

பத்திரிகைத் தாளும் இதோடு இருக்கிறது. நீ விட்ட இடத்தில் என் கையெழுத்திலேயே எழுதிவிட்டேன். எழுத்து கோணலாக இருக்கும், அச்சில் நேராக்கிக்கொள். நான் எப்போது சொல்கிறேனோ அப்போது நீயும் சொல்வதாக எழுதியிருந்தாய் அல்லவா? சொல்லிவிடுகிறேன்.

நைனா வரமாட்டாரு, பாப்பா.

இனி நீயும் சொல்லலாம்.

உன் அம்மா